“அவள் லீவு நாளில்தானே சபைக்கு வருகிறாள்?”

வாசகி ஒருவரிடமிருந்து நீண்ட கடிதம் வந்திருக்கிறது. ஆள் அடையாளம் தெரியாதபடி சில விவரங்களை மாற்றி, சுருக்கித் தருகிறேன்.

அவருக்கு வயது 43. கணவரும் அவரும் சிங்கப்பூரில் வேலைக்குப் போகிறவர்கள். இரண்டு பிள்ளைகள். 74 வயது மாமியாருக்கு மூட்டுவலி, வெளியே போனால் சக்கர நாற்காலிதான். இரண்டு ஆண்டுகளாக வீட்டில் ஒரு பணிப்பெண் இருக்கிறார். தென் தமிழ்நாட்டுக் கிராமத்துக்காரர், வயது 29, ஊரில் சபைப் பாடகர் குழுவில் பாடியவர். ஞாயிறுதோறும் குடும்பத்தோடு தமிழ் ஆராதனைக்கு வருகிறார். நாற்காலியைத் தள்ளிக்கொண்டு வந்து மாமியாரோடு கடைசி வரிசையில் உட்கார்ந்துகொள்கிறார்.

ஆராதனை முடிந்து கீழ்த்தளத்தில் சாப்பாடு. ஒரு நாள் கூட்டம் அதிகம். வயதான அம்மா ஒருவர், “பிள்ளே, இந்தத் தட்டையெல்லாம் கொஞ்சம் கழுவிடேன்” என்றாராம். அவரும் கழுவினார். அடுத்த வாரமும் கூப்பிட்டார்கள். இப்போது யாரும் கூப்பிடுவதே இல்லை, அவராகவே தொட்டியருகே போய் நின்றுவிடுகிறார். எல்லாரும் சாப்பிட்ட பிறகு சாப்பிடுகிறார். சபையை நடத்தும் மூப்பர் ஒருவரின் மனைவி, தம் வீட்டு ஜெபக் கூட்டத்துக்கு “ஒரு மூணு மணி நேரம் அவளை அனுப்பேன்” என்று கேட்டிருக்கிறார். இதற்கிடையில் பாடகர் குழுத் தலைவர், தட்டு கழுவும்போது இவர் பாடிக்கொண்டிருந்ததைக் கேட்டுவிட்டு, கிறிஸ்துமஸ் கேரலுக்கு வரச் சொல்லியிருக்கிறார். “மேடமும் மெயிடும் ஒரே கலர் சேலையா?” என்று யாரோ சிரித்தார்களாம். வாசகியும் அதே குழுவில் பாடுகிறவர். “உண்மையைச் சொல்கிறேன், என் மனதிலும் ஒரு முள் குத்தியது. அதற்காக இன்னும் வெட்கப்படுகிறேன்” என்று எழுதியிருக்கிறார்.

மாமியாரோ, “ரொம்ப இடம் கொடுத்தால் ஓடிப்போய்விடுவாள், 5,000 வெள்ளி டெபாசிட்டும் போய்விடும்” என்கிறார். கணவர், “பணிப்பெண்களுக்கென்று தனியாக ஐக்கியம் நடத்துகிற சபைகள் இருக்கின்றன, அங்கே அனுப்பிவிடலாமே” என்கிறார். வாசகியின் கேள்வி இது: “நாங்கள் அவளை வீட்டுப் பிள்ளை மாதிரிதான் வைத்திருக்கிறோம். லீவு நாளில்தானே சபைக்கு வருகிறாள்? சபையில் நடப்பதைத் தட்டிக் கேட்கவா, வேறு சபைக்கு அனுப்பவா, கண்டுகொள்ளாமல் இருக்கவா?”

சகோதரி, அந்த முள்ளைப் பற்றி எழுதினீர்களே, அதனால்தான் உங்களோடு வெளிப்படையாகப் பேசலாம் என்று தோன்றியது. கடிதத்தை மூன்று முறை படித்தேன். மாமியார் சொன்னது இருக்கிறது, கணவர் சொன்னது இருக்கிறது, மூப்பர் மனைவி சொன்னதும் இருக்கிறது. அந்தப் பெண் சொன்னதாக இருப்பது “பரவாயில்லை மேடம்” மட்டும்தான். அதற்கு வருகிறேன். அதற்கு முன்னால் ஒரு கணக்கை நேர் செய்தாக வேண்டும்.

லீவு எது, வேலை எது

ஞாயிற்றுக்கிழமை அவருக்கு லீவு என்று எழுதியிருக்கிறீர்கள். அவர் அன்று என்ன செய்கிறார் என்றும் நீங்களே எழுதியிருக்கிறீர்கள். காலையில் மாமியாரைக் குளிப்பாட்டி உடுத்திவிடுகிறார். நாற்காலி தள்ளுகிறார். ஆராதனை நடுவில் சின்னவனை வெளியே கூட்டிப் போகிறார். பிறகு எண்பது தட்டு கழுவுகிறார். மாலை வீடு திரும்பி இரவுச் சமையல். இதில் லீவு எங்கே இருக்கிறது? பிரசங்க நேரத்தில் உட்கார்ந்திருக்கிறாரே என்று சொல்லாதீர்கள், அப்போதும் மாமியாரின் தண்ணீர்ப் போத்தல் அவர் கையில்தான்.

2013 ஜனவரியிலிருந்து இங்கே பணிப்பெண்களுக்கு வாரம் ஒரு ஓய்வு நாள் உண்டு என்பது மனிதவள அமைச்சின் விதி. அன்று வேலை செய்ய அவரே ஒப்புக்கொண்டால், குறைந்தது ஒரு நாள் சம்பளமாவது கூடுதலாகத் தர வேண்டும், இல்லையென்றால் அதே மாதத்தில் வேறொரு நாள் ஓய்வு தர வேண்டும். 2023 ஜனவரி 1 முதல் இன்னொன்றும் சேர்ந்தது. மாதத்தில் ஒரு ஓய்வு நாளையாவது கட்டாயம் கொடுத்தாக வேண்டும். அவரே சம்மதித்தாலும் காசு கொடுத்து அதை ஈடுகட்ட முடியாது. கடமைக்காக உங்களோடு சபைக்கு வருகிற நாளை ஓய்வு நாள் கணக்கில் எழுதிவிட்டு நிம்மதியாக இருக்காதீர்கள். நீங்கள் மனதறிந்து ஏமாற்றுகிறீர்கள் என்று சொல்லவில்லை. சபைக்குப் போவது உங்களுக்கு ஓய்வு; அவருக்கும் அப்படித்தான் என்று நினைத்துக்கொண்டீர்கள்.

மூப்பர் மனைவியின் வேண்டுகோளுக்குப் பதில் ஒரே சொல்: முடியாது. வேலை அனுமதிச் சீட்டில் உள்ள முகவரியில், உங்கள் வீட்டு வேலையை மட்டுமே அவர் செய்யலாம். இன்னொரு வீட்டுக்கு வேலைக்கு அனுப்பினால் அனுப்புகிற உங்களுக்கும் சிக்கல், வாங்கிக்கொள்கிற அவருக்கும் சிக்கல். அபராதம் வரலாம், இனிப் பணிப்பெண் வைத்துக்கொள்ளத் தடையும் வரலாம். ஜெபக் கூட்டம் என்பதால் சட்டம் கண்ணை மூடிக்கொள்ளாது. சபைக் கூடத்தில் எல்லாரோடும் சேர்ந்து ஒருவர் தானாக முன்வந்து கை கொடுப்பது வேறு விஷயம். வாரா வாரம் ஒரே ஆள், அவர் பணிப்பெண் என்பதாலேயே தொட்டியில் நிற்பது, ‘தானாக முன்வந்து’ என்ற சொல்லுக்குள் அடங்காது.

இனி அந்த 5,000 வெள்ளி, பணிப்பெண்ணை வேலைக்கு வைப்பவர் அமைச்சுக்குத் தரும் பிணை. மாமியாரைக் குறை சொல்லாதீர்கள், பல வீடுகளில் இந்தப் பயம் இருக்கிறது. பணிப்பெண் தன் சொந்த அனுமதி நிபந்தனைகளை மீறினால், நீங்கள் முன்கூட்டியே அவருக்கு அவற்றைத் தெரிவித்து, தெரிந்தவுடன் அமைச்சிடம் சொல்லியிருந்தால், அந்தப் பிணைப்பணம் பறிபோகாது. அவர் காணாமல் போய், தேடுவதற்கு நீங்கள் முறையாக முயன்று போலீசிலும் புகார் கொடுத்திருந்தால் பாதி, அதாவது 2,500 வெள்ளிதான் போகும். அப்புறம், என் அனுபவத்தில் பார்த்ததையும் சொல்கிறேன்: ஓய்வு நாள் கிடைத்ததால் ஓடிப்போனவரை நான் பார்த்ததில்லை. மூச்சு முட்டி ஓடியவர்களைப் பார்த்திருக்கிறேன்.

‘வீட்டுப் பிள்ளை மாதிரி’

இந்தச் சொல்லை வாரம் ஒரு முறையாவது கேட்கிறேன். அன்பாகத்தான் சொல்கிறார்கள். உங்கள் வீட்டில் அவர் நன்றாகச் சாப்பிடுகிறார், தனி அறை இருக்கிறது, காய்ச்சல் என்றால் கிளினிக்குக் கூட்டிப் போகிறீர்கள், சம்பளம் தேதி தவறுவதில்லை. இவை எல்லாம் நல்லவை. ஆனால் உங்கள் மகள் ஒரு நாள் “நான் இன்றைக்குச் சர்ச்சுக்கு வரலை, ஃபிரெண்ட்ஸோட போறேன்” என்று சொன்னால் வீட்டில் சண்டை வரும், மகள் மகளாகவே இருப்பாள். இந்தப் பெண் அப்படிச் சொன்னால்? அவருடைய அனுமதிச் சீட்டை ரத்து செய்யும் அதிகாரம் உங்கள் கையில் இருக்கிறது. அவருக்கு அது தெரியும். ‘மாதிரி’ என்ற சொல் நிற்கிற இடம் அதுதான்.

எங்கள் வீட்டிலும் பல ஆண்டுகளுக்கு முன்பு ஒரு பணிப்பெண் இருந்தார். ஞாயிறுதோறும் கூட்டிப் போனேன். முன்வரிசையில் என் பக்கத்திலேயே உட்கார வைத்தேன். எனக்குப் பெருமை. ஊருக்குத் திரும்புகிற வாரம் பேச்சோடு பேச்சாகச் சொன்னார்: “அக்கா, எனக்குப் பின்னாடி தூண் ஓரமா உக்காரத்தான் பிடிக்கும். எல்லாரும் பாக்குறது கூச்சமா இருக்கும்.” நாலு வருஷம் அவரைக் கேட்காமலேயே கௌரவப்படுத்தியிருக்கிறேன்! ஆகவே கடைசி வரிசை என்றாலே அவமானம் என்றும், முன்வரிசை என்றால் அன்பு என்றும் அவசரப்பட்டு முடிவு கட்டிவிடாதீர்கள்.

சரி, கேட்டுவிடலாமா? “உனக்குச் சபைக்கு வரப் பிடிக்கிறதா?” என்று கேட்டால் “பிடிக்கும் மேடம்” என்றுதான் பதில் வரும். “தட்டு கழுவ விருப்பமா?” என்றால் “பரவாயில்லை மேடம்.” சம்பளம் கொடுக்கிறவரிடம் இல்லை என்று சொல்வது லேசான காரியமா? கேள்வியை மாற்றுங்கள். வாரநாள் இரவு, வேலையெல்லாம் முடிந்த பிறகு, மாமியார் இல்லாத நேரத்தில், இப்படிச் சொல்லிப் பாருங்கள்: “ஞாயிற்றுக்கிழமை இனி உன் நாள். எங்கள் சபைக்கு நீ தனியாக வரலாம், வேறு சபைக்குப் போகலாம், எங்கும் போகாமல் தூங்கலாம். எதைச் செய்தாலும் எங்களுக்குச் சரிதான். அடுத்த வாரம் சொன்னால் போதும்.” உடனே பதில் கேட்காதீர்கள். பேசியதைத் தமிழில் ஒரு தாளில் எழுதி இருவரும் கையெழுத்துப் போட்டுக்கொள்ளுங்கள். வீட்டுப் பிள்ளையிடம் கையெழுத்தா என்று தோன்றும். போடுங்கள், அவருக்கு அது பலம்.

பைபிளில் பிலேமோனுக்குப் பவுல் எழுதிய நிருபத்தை இந்த வாரம் ஒரு முறை வாசித்துப் பாருங்கள். ஒரே அதிகாரம், பத்து நிமிடம் ஆகாது. ஒநேசிமு என்ற அடிமையை எஜமானான பிலேமோனிடம் திருப்பி அனுப்பும்போது, இனி அடிமையாக அல்ல, பிரியமான சகோதரனாக ஏற்றுக்கொள் என்று எழுதுகிறார். என்னை எப்போதும் இழுக்கிறது வேறொன்று. அந்தக் கடிதம் பிலேமோனுக்கு மட்டும் எழுதியதில்லை, அவர் வீட்டில் கூடுகிற சபைக்கும் சேர்த்து எழுதியது. வீட்டுக்குள் ஒரு வேலையாளை எப்படி நடத்துகிறோம் என்பது சபை காதிலும் விழ வேண்டிய விஷயம் என்று பவுல் நினைத்திருக்கிறார். இன்னொன்றும் உண்டு: அவ்வளவு அன்பான கடிதத்தில் ஒநேசிமு என்ன நினைத்தான் என்று ஒரு வரிகூட இல்லை. உங்கள் கடிதத்தைப் படித்தபோது அதுதான் நினைவுக்கு வந்தது.

தட்டுகளை என்ன செய்வது

தட்டிக் கேட்கவா என்று கேட்டீர்கள். கூடத்தில் எல்லார் முன்னாலும் வேண்டாம். அந்த வயதான அம்மா முகம் சுருங்கும், உங்கள் பணிப்பெண் அதைவிடச் சுருங்குவார். அவரை வைத்துச் சண்டை வந்தது என்ற பேச்சு ஒட்டிக்கொள்ளும். வரும் ஞாயிறு நீங்கள் தொட்டியருகே போய் நில்லுங்கள். உங்கள் கணவரும் வரட்டும். “நீ போய்ச் சாப்பிடு, இன்றைக்கு எங்கள் முறை” என்று சொன்னால் போதும். ஓர் ஆண் சட்டைக் கையை மடித்துவிட்டுத் தட்டு கழுவினால் நம் சபைகளில் அது பத்துப் பிரசங்கத்துக்குச் சமம், கொஞ்சம் வேடிக்கையாகவும் இருக்கும்.

இரண்டு வாரம் கழித்துப் போதகரைத் தனியாகப் பாருங்கள். குற்றச்சாட்டாக இல்லாமல், ஒரு யோசனையாகக் கொண்டு போங்கள்: குடும்பங்களின் பெயரை அகர வரிசையில் எழுதி, வாரம் மூன்று குடும்பம் பந்திக்குப் பொறுப்பு. மூப்பர் வீடும் உண்டு, போதகர் வீடும் உண்டு. உங்கள் பணிப்பெண் அந்தச் சபையில்தான் இருப்பேன் என்று முடிவு செய்தால் அவர் பெயர் அவர் பெயராகவே பட்டியலில் வரட்டும், உங்கள் வீட்டுக் கணக்கில் வேண்டாம். அவருடைய முறை வருகிற அன்று அவர் கழுவட்டும், மற்ற வாரங்களில் உட்கார்ந்து பேசட்டும்.

எருசலேமில் இருந்த ஆதிச் சபையிலும் இதே பிரச்சினைதான் வந்தது. அன்றாட விசாரணையில், அதாவது தினசரி உணவுப் பங்கீட்டில், கிரேக்க மொழி பேசிய விதவைகளைக் கவனிக்கவில்லை என்று முறுமுறுப்பு எழுந்தது. அப்போஸ்தலர் அதற்கு அன்பைப் பற்றி இன்னொரு பிரசங்கம் செய்யவில்லை. பந்தி விசாரிக்க 7 பேரை நியமித்தார்கள். ஏழு பெயர்களும் கிரேக்கப் பெயர்கள், கவனிக்கப்படாதவர்களின் மொழிப் பெயர்கள். கொரிந்து சபையின் பந்தியில் முந்தி வந்தவர்கள் சாப்பிட்டு முடித்துவிட, பிந்தி வந்தவர்கள் பசியோடு நின்றார்கள். பிந்தி வந்தவர்கள் பெரும்பாலும் வேலை முடித்து வரவேண்டிய ஏழைகள் என்றுதான் அறிஞர்கள் பலர் கருதுகிறார்கள். ஒருவருக்காக ஒருவர் காத்திருங்கள் என்று பவுல் எழுதினார். உங்கள் கூடத்தில் கடைசி ஆள் தட்டோடு உட்காரும்வரை காத்திருந்தால் எத்தனை நிமிடம் தாமதமாகும்?

அப்பமும் ரசமும் தருகிற திருவிருந்துக்கு அவர் முன்னால் போவதில்லை, மாமியாரோடு பின்னாலேயே இருந்துவிடுகிறார் என்று ஒரு வரி எழுதிவிட்டுக் கடந்துவிட்டீர்கள். எனக்கு மற்ற எல்லாவற்றையும்விட அதுதான் உறுத்தியது. யாராவது தடுத்தார்களா, நாற்காலியை விட்டுப் போக முடியவில்லையா, தனக்கு அங்கே இடமில்லை என்று அவரே நினைத்துக்கொண்டாரா, தெரியவில்லை. நம்முடைய சபைகளுக்கு இதில் ஒரு பழைய வடு உண்டு. தஞ்சாவூரிலும் சென்னை வேப்பேரியிலும் சாதிக்கொரு பக்கம் உட்கார்ந்து, திருவிருந்திலும் முன் பின் பார்த்த காலம் இருந்தது. சபைக்குள் அந்த வேறுபாடு கூடாது என்று கல்கத்தா பேராயர் டேனியல் வில்சன் 1833இல் உத்தரவு அனுப்பினார். அதை ஏற்காமல் பலர் சபையைவிட்டே வெளியேறினார்கள். சிங்கப்பூரில் இருக்கிறோம், அதெல்லாம் ஊர்க் கதை என்று நாம் சொல்லிக்கொள்கிறோம். இங்கே வேறு பெயரில் வரலாம். போதகரிடம் பேசும்போது இதையும் சொல்லுங்கள். நாற்காலியில் இருப்பவரிடமும் உடன் இருப்பவரிடமும் அப்பத்தையும் ரசத்தையும் கொண்டுவந்து கொடுப்பது பெரிய காரியமில்லை.

இதிலெல்லாம் சிரமம் இல்லாமல் இல்லை. “இவங்க மட்டும் பெரிய பரிசுத்தவாட்டி” என்று பேசுவார்கள். மூப்பர் மனைவி சில மாதம் முகம் கொடுத்துப் பேசமாட்டார். அதை நீங்கள் தாங்கலாம், உங்களுக்கு அந்தச் சபையில் பல வருட வேர் இருக்கிறது. அவருக்கு இல்லை. அதனால் எந்தப் பேச்சிலும் “அவள் சொன்னாள்” என்று அவர் தலையில் போடாதீர்கள்.

தனி ஐக்கியம்

உங்கள் கணவர் சொல்வதில் தப்பில்லை. வேலைக்கு வந்தவர்களுக்கென்று ஞாயிறு மதியம் கூடுகிற ஐக்கியங்கள் இங்கே பல சபைகளில் நடக்கின்றன. அங்கே அவர் யார் வீட்டுப் பணிப்பெண்ணும் இல்லை. ஊர்க் கதை பேசலாம், மேடத்தைப் பற்றியும் நாலு வார்த்தை பேசலாம், அது உடம்புக்கு நல்லது. அவர் அதைத் தேர்ந்தெடுத்தால் சந்தோஷமாக அனுப்புங்கள்.

நீங்களாக அனுப்பினால்? உங்கள் சங்கடம் தீரும், அவ்வளவுதான். இன்னொரு குடும்பம் இன்னொரு பெண்ணைக் கூட்டி வரும், அவர் அதே தொட்டிக்குப் போவார்.

சேலையும் ஒத்திகையும்

முள் குத்தியதற்காக அவரிடம் போய் மன்னிப்புக் கேட்கலாமா என்று யோசித்ததாக எழுதியிருக்கிறீர்கள். வேண்டாம். அவருக்குத் தெரியாத காயத்தை நீங்களே கொண்டுபோய்க் காட்டி, “பரவாயில்லை மேடம்” என்று உங்களை ஆறுதல்படுத்தும் வேலையையும் அவருக்கே கொடுப்பீர்கள். அதைக் கடவுளிடம் சொல்லுங்கள், என்னிடம் சொல்லிவிட்டீர்கள், போதும்.

பாட விருப்பமா என்பதைப் பாடகர் குழுத் தலைவரே அவரிடம் நேரடியாகக் கேட்கட்டும், நீங்கள் நடுவில் நிற்க வேண்டாம். அவர் சரி என்றால் உங்கள் வேலை தொடங்குகிறது. ஒத்திகை சனிக்கிழமை மாலை என்று எழுதியிருக்கிறீர்கள். அந்த இரண்டு மணி நேரம் உங்கள் வீட்டு வேலை நேரம். அதை விட்டுக்கொடுங்கள், ஞாயிறு ஓய்விலிருந்து கழிக்காதீர்கள். சேலையை மற்றவர்கள் எப்படி வாங்குகிறார்களோ அப்படியே அவரும் வாங்கட்டும். நீங்கள் வாங்கிக் கொடுத்தால் அது மேடம் கொடுத்த சேலை ஆகிவிடும். வரிசையில் யார் பக்கத்தில் யார் என்பதைக் குரல் முடிவு செய்யும். அவர் ஆல்டோ (பெண்களில் தாழ்ந்த குரல்), நீங்கள் சோப்ரானோ (உயர்ந்த குரல்) என்றால் பக்கத்தில் நிற்கும் சங்கடமும் இல்லை. இரண்டு பேரும் ஆல்டோ என்றால் நின்று பழகிக்கொள்ளுங்கள்.

கடைசியாக மாமியார். ‘இடம் கொடுக்காதே’ என்று அவர் சொல்வதில் வேறொரு பயமும் இருக்கலாம் என்று நினைக்கிறேன். கடைசி வரிசையில் அவரோடு உட்கார்ந்து, பாட்டு எண்ணைத் தேடிக் கொடுத்து, இருமினால் தண்ணீர் கொடுக்கிற ஒரே ஆள் அந்தப் பெண். அவர் எழுந்து பாடகர் குழுவுக்குப் போய்விட்டால் பக்கத்தில் யார்? இரண்டு ஆண்டுகளாக ஞாயிறுகளில் உங்கள் மாமியாரோடு உட்கார்ந்து பேசிய சபையார் எத்தனை பேர் என்று எண்ணிப் பாருங்கள். பெண்கள் ஐக்கியத்தில் அவர் வயதுக்காரர் ஒருவரிடம், “இந்த வாரம் அம்மா பக்கத்தில் உட்காருகிறீர்களா?” என்று கேளுங்கள். வாலிபர் கூட்டத்துப் பையன்களில் இரண்டு பேர் எம்ஆர்டி ரயில் நிலையத்திலிருந்து நாற்காலியைத் தள்ள முறை போட்டுக்கொள்ளலாம்.

அவர்கள் பழகும்வரை உங்கள் கணவர் தள்ளட்டும். பிரேக் எங்கே இருக்கிறது, காலடிப் பலகையை எப்படி மடிப்பது என்று அவருக்குத் தெரியுமா என்பதைச் சனிக்கிழமையே பார்த்துவிடுங்கள்.